காருக்கு அடியில் உளுந்துச் செடி

மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருந்த என் காரை ஞாயிறுதோறும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவேன். மெழுகு தேய்த்து, அதில் என் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். அந்த முகத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம். காரின் அடிப்பக்கத்தை மட்டும் பார்த்ததே இல்லை. தினமும் நான் வேலைக்குப் போகும் அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்தும் வெள்ளைத்தூள், மழையில் குழைந்து அடியில் அப்பிக்கொண்டு இறுகிவிடும். இலவசமாகக் கிடைத்த பாதுகாப்பு என்றே நினைத்திருந்தேன்.

காலடியில் தூசி வருகிறது என்று முன்சீட்டில் உட்காரும் என் மனைவி இரண்டு வருடமாகச் சொல்லிவந்தாள். அது உன் செருப்புத் தூசி என்று நானும் இரண்டு வருடமாக விளக்கிவந்தேன். போன மழைக்காலத்தில் திருமழபாடி கோயிலுக்குப் போகும் வழியில் அவள் பாதம் நனைந்தது. கால்மிதியைத் தூக்கினாள். ரோடு தெரிந்தது. இறங்கி பஸ் ஏறிப் போய்விட்டாள். அந்த ஓட்டையை அடைக்கும்வரை இந்தக் காரில் கால் வைக்க மாட்டேன் என்று போனில் சொன்னாள். வைக்க இடமும் இல்லைதான்.

பெரம்பலூர் டிங்கர் காரைத் தூக்கி நிறுத்தி, ஸ்குரூ டிரைவரால் சேசிஸைக் குத்திப் பார்த்தார். வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல் இறங்கியது. துரு தின்ற இடங்களை வெட்டி, தகடு வைத்து வெல்டிங் அடித்தார். துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் கறுப்பு ரப்பர் பூச்சும் பூசினார். வீட்டில் கொண்டுபோய் நிறுத்துங்கள், பூச்சு காய இரண்டு நாள் ஆகும், அதுவரை எடுக்காதீர்கள் என்றார். தலையை நன்றாக ஆட்டினேன்.

மறுநாளே பூலாம்பாடியிலிருந்து மச்சினன் போன் செய்தான். உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பியாகிவிட்டது, மேகம் கட்டுகிறது, டிராக்டர் கிடைக்கவில்லை என்றான். எங்கள் பக்கத்தில் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும்தான் செடிமேல் ஏறி, சம்பளமில்லாமல் உளுந்து அடித்துக் கொடுக்கும். அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை. அறுப்புக்கு என்று மனைவியும் அங்கே போயிருந்தாள். காரின் புதுத் திடத்தை அவள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

செடியின் மேல் பத்து தடவை முன்னும் பின்னும் ஓட்டினேன். பதினோராவது தடவை அடியிலிருந்து புகை வந்தது. காயாத பூச்சு செடியையெல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ள, சைலன்சர் சூட்டில் அது கருகத் தொடங்கியிருந்தது. மச்சினன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். மனைவி குனிந்து கையாலேயே செடியைப் பிடுங்கினாள். பூச்சும் கொத்துக்கொத்தாகக் கூடவே வந்தது.

"ரெண்டு நாள் எடுக்கக் கூடாதுன்னு டிங்கர் சொல்லலியா?"

"சொன்னாரு."

"நான் சொன்னாத்தான் கேக்க மாட்டீங்கன்னு நெனச்சிருந்தேன்," என்றாள்.

அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் உள்ளங்கைகள் சிவந்திருந்தன.

டிங்கர் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி பூசினார். இந்த முறை நான்கு நாள் அவர் கடையிலேயே விட்டுவைத்தேன். ஐந்தாம் நாள் மனைவியைக் கூட்டிப்போனேன். அவள் குனிந்து, தன் சீட்டுக்கு நேர் கீழே இருந்த தகட்டை மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். நானும் ஏறினேன்.

"பிரேக் புடிக்கிறப்ப ஒரு சத்தம் கேக்குதுங்க. ரொம்ப நாளாவே வருது," என்றாள்.

எனக்கு அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை. இறங்கிப் போய் சாவியை டிங்கரிடம் கொடுத்தேன்.