குழாய் தட்டிய சத்தம்

எங்கள் பால் சொசைட்டி செக்ரட்டரியை நினைத்தால், நனைந்த வெள்ளைச் சட்டையோடு அவர் கிணற்றுப் படியில் நின்ற கோலம்தான் முதலில் வருகிறது. கடத்தூர்ப் பக்கம் இருபது வருசமாகப் பாலோடு புழங்கிய மனிதருக்கு மாடு என்றால் பயம். யார் வீட்டுக்குப் போனாலும் வண்டியை வெளியே நிறுத்தி, "மாடு கட்டியிருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். சிரிப்பவர்களிடம், "எனக்குப் பாலுதாங்க பழக்கம், மாடு பழக்கமில்ல" என்பார்.

எனக்குத் தொழில் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். உதைக்கிற பசுவையும், நுகத்தடி கழுத்தில் பட்டதும் படுத்துக்கொள்கிற காளையையும், அடிக்காமல், வாலை முறுக்காமல் பழக்குவது என் வேலை. யாரிடமும் படித்ததில்லை, வீட்டு மாடுகளைப் பார்த்துப் பார்த்து வந்தது. "ஒதைக்கிற மாட்ட வித்துராதீங்க, இந்தம்மா டியூஷன் எடுப்பாங்க" என்று பால் ஊற்ற வருகிறவர்களிடம் சொல்லிவைப்பார். கேலி பாதி, சிபாரிசு பாதி. மொரப்பூர் வரைக்கும் எனக்கு வீடுகள் கிடைத்தன.

அப்படி ஒரு வீட்டில் ஒரு செவலைப் பசு, ஏழு மாதச் சினை. யார் கையிலாவது கயிற்றைக் கண்டால் ஓட்டம் பிடிக்கும். முன்பு வைத்திருந்தவர்கள் கயிற்றாலேயே அடித்திருக்க வேண்டும். அதனால் கயிறில்லாமல் கூப்பிட்டு வரவைக்கப் பழக்கினேன். இரும்பு வாளியின் விளிம்பில் கல்லால் தட்டி, "வா வா" என்பது; வந்தால் ஒரு கை தவிடு. பத்தே நாளில், வயக்காட்டுக் கோடியில் மேய்ந்தாலும் சத்தம் கேட்டதும் ஓடி வந்தது. வந்ததும் கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடியில் கை வைத்தால் அசையாமல் நிற்கவும் கற்றுக்கொண்டது. வீட்டுக்கார அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம்புருசனையும் இப்புடி ஒருவாட்டி பழக்கிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

ஒரு நாள் காலையில் செக்ரட்டரி வண்டியோடு வந்து நின்றார். "ஏறுங்கம்மா. செவல கெணத்துல விழுந்துருச்சு."

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. இருபதடி கீழே தண்ணீர். பசு மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்தியது. தீயணைப்புக்காரர்கள் இருவர் அதன் வயிற்றுக்கடியில் பெல்ட்டைச் செலுத்தப் பார்க்கிறார்கள். கை பட்டதும் அது உதறுகிறது. ஒருவருக்குத் தோளில் உதை விழுந்துவிட்டது. மேலே ஊரே நின்று கத்தியது. "கொம்பப் புடி!" "அந்தாண்ட தள்ளு!" ஒவ்வொரு குரலும் கிணற்றுக்குள் நாலு பக்கமும் மோதித் திரும்ப, பசுவும் நாலு பக்கமும் திரும்பியது. நான் கூப்பிட்டது அதற்கு எட்டவே இல்லை.

செக்ரட்டரி இரண்டு கையையும் தூக்கினார். "இப்ப வாயத் தொறக்கிறவங்க பாலு நாளைக்கு எடுக்க மாட்டேன்." கிணற்றடி அடங்கிவிட்டது.

எனக்கு நீச்சல் தெரியாது. சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கல்படிகளில் இறங்கினேன். தண்ணீரைத் தொடும்போது பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. செக்ரட்டரியின் கை. மாட்டுக்குப் பயந்தவரா என்று திரும்பிப் பார்த்தேன். "என்னப் பாக்காதீங்க, மாட்டப் பாருங்க" என்றார்.

கூப்பிட்டேன். பசு என் பக்கம் திரும்பி நீந்தி வந்தது. அதன் கொம்பு அவர் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. அவர் பிடியை விடவில்லை. தண்ணீருக்குள் இருந்த படியில் அது முன்னங்காலை ஊன்றியதும் அலைதாடியில் கை வைத்தேன். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டே நின்றது. பெல்ட் மாட்டினார்கள். ஜேசிபி மெதுவாகத் தூக்கியது.

மேலே ஏறி வந்தபோது, அங்கே மோட்டார் வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்கின் சட்டையை அக்கா பிடித்திருந்தார். "நீதானடா வெரட்டுன?"

"நான் வெரட்டலக்கா. கெணத்தோரம் உக்காந்து பைப்பத்தான் தட்டிக்கிட்டிருந்தேன், மரை கழலல. அது எங்கிருந்தோ ஓடியாந்துச்சு."

யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன். இரும்பில் தட்டும் சத்தம். தவிடு என்று ஓடி வந்திருக்கிறது. சொன்னால் இந்தப் பக்கத்தில் இனி எவரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். சொல்லாவிட்டால் அடி மெக்கானிக்குக்கு. அக்காவின் தம்பிகள் ஏற்கெனவே நெருங்கிவிட்டார்கள். நான் வாளி தட்டியதைச் செக்ரட்டரியும் பார்த்திருக்கிறார். சட்டையைப் பிழிந்துகொண்டே என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொல்லும்படி அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒருவேளை மறுத்துப் பேசியிருப்பேன்.

"அவர விடுங்கக்கா. வாளிச் சத்தம்னு நெனச்சு ஓடியாந்திருக்குது. பழக்குனது நான்."

அக்கா கையை எடுத்தார். "இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராதீங்க" என்றார்.

நான் திரும்பினேன். செக்ரட்டரிதான் அக்காவிடம் பேசினார். "அவங்க போயிருவாங்கம்மா. அந்தச் சத்தம் மாட்டுக் காதுலயே இருக்குமே. நாளைக்குப் பக்கத்துக் காட்டுல எவனாவது பைப்பு தட்டுனா என்ன பண்ணுவீங்க?"

மூன்றாம் நாள் அக்காவே ஆள் அனுப்பினார்.

செக்ரட்டரி ஓய்வு பெற்று மகனோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். செவலை அந்தமுறை ஈன்ற கிடாரிக் கன்று வளர்ந்து இன்று கறவையில் இருக்கிறது. நான் எந்த வீட்டிலும் வாளி தட்டுவதில்லை. வீட்டுக்காரர் குரலுக்கு வரத்தான் பழக்குகிறேன். மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கிணறு எங்கே என்று கேட்பேன். "மோட்டாரு ரிப்பேருக்கா வந்தீங்க?" என்று சிரிப்பார்கள்.

அப்படி முதலில் பழக்கியது செவலையைத்தான், அந்த அக்காவின் குரலுக்கு, அவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்ட அந்த நாட்களில். காட்டில் நின்று சத்தமாகக் கூப்பிட அவருக்குக் கூச்சம். தினமும் காலையும் மாலையும் கூப்பிட வைத்தேன். பிறகு ஒரு நாள் கிணற்றைச் சுற்றிக் கம்பு நட்டு, குறுக்கே கழி கட்டி, மெக்கானிக்கை வரச் சொன்னேன். பசு நடுக்காட்டில் மேய்ந்தது. அக்கா வீட்டுப் பக்கம் நின்றார். செக்ரட்டரி வழக்கம்போல காட்டு வேலிக்கு வெளியே.

மெக்கானிக் குழாயைத் தட்டினார். பசு காதை விறைத்தது. கிணற்றைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தது. அக்காவுக்குக் குரல் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. மூன்றாவது எட்டு.

"கூப்புடுங்கம்மா" என்றார் செக்ரட்டரி.

"செவல... வாடி இங்க."

பசு நின்றது. குழாய்ச் சத்தம் ஓயவில்லை. தலையைக் கிணற்றுப் பக்கம் ஒரு தடவை, வீட்டுப் பக்கம் ஒரு தடவை திருப்பியது. பிறகு ஓடாமல் மெல்ல நடந்து வந்து அக்காவின் உள்ளங்கைக்குள் மூக்கை வைத்தது. அவர் அதன் அலைதாடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கண்ணைத் துடைக்காமலே கிணற்றுப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இன்னும் ஒருக்கா தட்டுங்க."