மேடில்லாத நாடு

கள்ளக்குறிச்சியில் என் வீட்டு வாசலில் மகள் பிரேக் பிடித்து சைக்கிளை நிறுத்தினாள். சூடான ரப்பர் வாசம் வந்ததும், சின்ன வயதில் மிதிக்காமலே பிரேக் தேய இறங்கிய கல்வராயன் மலையின் இறக்கம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்பா சாமை மூட்டையோடு ஏற்றத்தில் சைக்கிளை உருட்டுவார். நானும் அக்காவும் பின்னாலிருந்து தள்ளுவோம். மூச்சு வாங்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் மனசுக்குள் ஒரு நாடு கட்டினோம். அங்கே மேடே கிடையாது. பசி, பரீட்சை, அழுகை எல்லாம் மேட்டோடு ஒழிந்துவிடும் என்று முழுசாக நம்பினோம்.

பிறகு கரும்பு வேலைக்காக மலையை விட்டு மணலூர்பேட்டைக்கு இறங்கினோம். தெரு பலகை மாதிரி சமமாக இருந்தது. அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். சைக்கிள் என்னோடு சாய்ந்தது.

"இன்னாப்பா, இங்க தானா போவவே மாட்டேங்குது?" என்று அழுதேன்.

"மேடு இல்லன்னா பள்ளமும் இல்ல கண்ணு. மிதிச்சிக்கினேதான் இருக்கணும்" என்று அப்பா சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, என்னைத் தூக்கி சீட்டில் உட்காரவைத்தார். "இன்னிக்கி மட்டும் மிதிக்காத."

சைக்கிள் தானாகப் போனது. தெருக்கோடி வரைக்கும் நாங்கள் கட்டிய நாடு நிஜமாகவே இருந்தது. அங்கே திரும்பிப் பார்த்தேன். கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, செருப்புகூட இல்லாமல், அப்பா மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தார்.