மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள்

கடையில் அவருக்குக் கிரேன் என்று பெயர். பதினெட்டு வருஷமாக ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் அடுத்தவர் வீட்டு மாடிக்கு ஏற்றிய முதுகு. அந்தப் பெயரை யாராவது பாராட்டாகச் சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "கிரேனுக்கு முதுகு வலிக்காதுடா, எனக்கு வலிக்கும்" என்பார். இன்னொரு தடவை முதுகு பிடித்துக்கொண்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

வீட்டில் அவருக்கு ஒரே பைத்தியம், 'ஏழு கோட்டை' என்ற வீடியோ கேம். முதல் பாகம் வந்தபோது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது ஆறாம் பாகம். ஞாயிறு மத்தியானம் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்தால், கையோடு வாயும் சேர்ந்து விளையாடும்.

"பாரு இவனை! முப்பது வாள், பதினாலு இரும்புக் கவசம். எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டு மலை ஏறி ஓடுறான். மூச்சு வாங்குதா பாரு!"

"காட்டுல பூதத்தை வெட்டுற ஆளுக்கு ஒரு வாளித் தண்ணி தூக்க முடியல. அதைப் பாருங்க முதல்ல" என்பார் மனைவி.

ஐந்தாம் பாகத்தில் சுமைக்கு ஓர் அளவு இருந்தது. மீறினால் வீரன் தள்ளாடுவான். அவருக்கு ரொம்பப் பிடித்த பாகம் அது. விளையாடுகிறவர்கள் கூப்பாடு போட்டதால் ஆறாம் பாகத்தில் அதை எடுத்துவிட்டார்கள். கூப்பாடு போட்டவர்களில் கடை மேனேஜரும் ஒருவர். இருபத்தெட்டு வயது, இஸ்திரி கலையாத சட்டை.

ஏழாம் பாகத்தில் எதை மாற்றலாம் என்று அந்தக் கம்பெனி இணையத்தில் கருத்துக் கேட்டது. மேனேஜர் சரக்கு அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "குதிரையும் பைக்குள்ள போகணும்னு எழுதியிருக்கேன். ஹீரோன்னா எல்லாத்தையும் தூக்கணும்."

"சார், நீங்க இதுவரைக்கும் எதைத் தூக்கியிருக்கீங்க?" என்றார் கிரேன்.

அறையே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள், கிரேனோடு மறுமுனையைப் பிடிக்கும் கூட்டாளியை பில் கவுண்டருக்கு மாற்றிவிட்டார். "இனிமே வாஷிங் மெஷினுக்கு ஒரு ஆள் போதும். சும்மாவா கிரேன்னு பேர் வச்சிருக்கு?"

முதல் வீடே மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. எழுபது கிலோ மெஷின், உள்ளே ஆடாமலிருக்க வைத்த கான்கிரீட் கட்டி வேறு. வேன் டிரைவர் தள்ளுவண்டியில் படிக்கட்டு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு வேனுக்குத் திரும்பிவிட்டார். கிரேன் மெஷின்மேல் உட்கார்ந்து மேனேஜருக்கு போன் போட்டார்.

"மறுமுனையைப் பிடிக்க ஆள் வேணும் சார். அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

மேனேஜர் பைக்கில் பறந்து வந்தார். "முடியலன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க!"

"தர்றேன். எழுபது கிலோ, மூணு மாடி, ஒரே ஆள். அனுப்பினது நீங்கன்னு கீழ கையெழுத்துப் போடுங்க."

மேலேயிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "என்னங்க, பேசியே துவைச்சுடுவீங்களா?"

மேனேஜருக்கு வேறு வழியில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார். பத்தாவது படியிலேயே, "இறக்கு, இறக்கு!" என்று அலறினார்.

"படியில வச்சா சரியும். திருப்பம் வரைக்கும் பிடிங்க."

மேனேஜரின் விரல் முட்டிகள் சுவரில் உரசித் தோல் உரிந்தது. மூன்றாம் மாடியில் செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கார அம்மா கொடுத்த தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

அடுத்த நாள் கிரேனுக்கு ஒரு மெமோ வந்தது. மேலதிகாரியிடம் மரியாதைக்குறைவாக நடந்துகொண்டாராம். ஆனால் வேன் பக்கத்தில், தோளில் சுமை தூக்கும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கூட்டாளி நின்றிருந்தான்.

"என்னண்ணே, மெமோவா?"

"ஆமா. இதை நானே தனியாத் தூக்கிக்குவேன். நீ ஃபிரிட்ஜைப் பிடி."

அந்த ஞாயிறு அவரும் கம்பெனிக்குக் கருத்து எழுதினார்: 'சுமைக்கு அளவைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆறு பாகமாக வீரனின் தோழன் கையை வீசிக்கொண்டு கூடவே வருகிறான். அவனை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடிக்காதவனைக் கோட்டைக்குள் விடாதீர்கள்.'

அரை மணி நேரத்தில் முதல் பதில் வந்தது. 'தூக்க முடியாத கிழங்களெல்லாம் எதற்கு விளையாட வருகிறீர்கள்?' எழுதியவர் பெயர் போடவில்லை.

கிரேன் மனைவியிடம் போனை நீட்டினார். "பரவாயில்ல. டைப் அடிக்கிற அளவுக்கு சாருக்குக் கை ஆறிடுச்சு."