பார்த்தால் தேயுமாம்!

எங்கள் கடற்கரை ஊர்க் கோயில் அலுவலகத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். ஞானஸ்நானச் சான்றிதழ் அடிப்பது, பூசையில் வாசிக்கும் கல்யாண ஓலை அடிப்பது, இதுதான் வேலை. அந்த ஐந்து வருடத்தில் பெரிய சண்டை என்று போட்டது ஒன்றே ஒன்றுதான். அதற்கு இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

சண்டை அலுவலகக் கணினியில் இருந்த ஒரு எஸ்எஸ்டி டிஸ்க்கைப் பற்றி. இருபது வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்த பங்குப் பேரவைச் செயலாளர் கோயிலுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அதில் ஏற்றினோம். புத்தகங்கள் ஆயர் இல்லத்துக்குப் போய்விட்டன. செயலாளருக்கு எதையும் கட்டி வைத்தால்தான் தூக்கம் வரும். புத்தகம் துணிக்குள், துணி பெட்டிக்குள், பெட்டி பீரோவுக்குள் இருந்த காலம் அவருக்கு மறக்கவில்லை. "பத்திரமா இருக்கணும்லா மக்களே" என்றார். அதனால் வருடத்துக்கு ஒரு ஜிப், பத்து வருடத்து ஜிப்களைச் சேர்த்து ஒரு ஜிப், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய ஜிப். கட்டியது என் கைதான். அந்தத் தப்பு என்னுடையதும்தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் ஓர் அக்கா வருவார். மீன் விற்பவர். 2004இல் கடல் ஏறி வந்த அன்று அவருடைய நாலு வயது மகளைக் கொண்டுபோய்விட்டது. வீடும் போனது. பிள்ளையின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு வரி. நான் பெரிய ஜிப்பைத் திறப்பேன், அதற்குள் பத்து வருடம், அதற்குள் அந்த வருடம், அதற்குள் அந்தப் பக்கம். அக்கா நின்றபடியே பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. "சரி மக்கா, அடைச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

நகல் எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். அந்தப் பக்கத்தில் மற்ற குடும்பங்களின் விவரமும் உண்டு, வெளியே தரக்கூடாது. சான்றிதழ் அடித்துக் கொடுத்துப் பார்த்தேன். திருப்பித் தந்துவிட்டார். "இது நீ அடிச்சதுல்லா. அது அன்னைக்கு எழுதினது."

கடல் ஏறிப் பத்து வருடம் ஆகப்போகும் சமயம், செயலாளர் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். நூறில் இருந்தது எழுபதுகளுக்கு இறங்கியிருந்தது. பேரவைக் கூட்டத்தில் குதித்தார்.

"ஆளாளுக்கு வந்து பாத்துப் பாத்தே தேய்ச்சாச்சி! அந்த மீன்காரி மாசா மாசம் என்னத்துக்கு வாறா? செத்த பிள்ளைக்க பேரைப் பாத்து என்ன கிடைக்கப் போவுது?"

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. "மாமா, வாய அளந்து பேசுங்க. பாத்தா எதுவும் தேயாது" என்றேன். யார் கேட்டார்கள்? சான்றிதழ் தேவைக்கு அல்லாமல் யாருக்கும் காட்டக்கூடாது என்று தீர்மானம் போட்டு, கதவில் அறிவிப்பும் ஒட்டிவிட்டார்கள்.

வீம்புக்காகத்தான் தேட ஆரம்பித்தேன். இந்த வகை டிஸ்க்கில் எழுத எழுதத்தான் ஆயுள் குறையும். படித்தால் ஒன்றும் ஆகாது. அப்படியானால் எழுதியது யார்? ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கணினி தற்காலிகமாக எழுதுவதெல்லாம் சேரும் டெம்ப் ஃபோல்டரைப் பார்த்தேன். அட பாவி! உள்ளே இருக்கும் ஜிப்பைத் திறக்க, கணினி முதலில் அதை முழுசாக வெளியே எடுத்து அதே டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. அதற்குள் இருப்பதையும் அப்படியே. அரை எம்பி பக்கத்தைக் காட்ட மூன்று ஜிபி எழுதுகிறது. ஒரு சாளை மீன் எடுக்க வள்ளத்து மீனை எல்லாம் மணலில் கொட்டுவதுபோல. மூடினால் அதையும் அழித்துவிடுகிறது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

ஓடிப்போய்ச் செயலாளரிடம் சொன்னேன். "தேய்க்கிறது அந்த அக்கா இல்ல மாமா, நம்ம போட்ட கட்டு."

"கட்டைத் தொடப்பிடாது" என்றார். அவ்வளவுதான்.

தொட்டேன். ஒரு சனிக்கிழமை காலை, யாரிடமும் கேட்கவில்லை. முதலில் மெமரியில் ஒரு பகுதியை டிஸ்க்போல ஒதுக்கி, டெம்ப் ஃபோல்டரை அங்கே மாற்றினேன். பத்து வருடக் கட்டு அதில் அடங்காமல் கணினி அப்படியே நின்றுவிட்டது. பிறகு பெரிய கட்டைப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுபோய் அங்கேயே வெளிக் கட்டு இரண்டையும் பிரித்தேன். வருட ஜிப்களை மட்டும் எஸ்எஸ்டியில் வைத்தேன். ஒரு வருடம் மெமரியில் தாராளமாக அடங்கியது. இருபது பக்கம் திறந்து மூடினேன். மொத்தம் எழுதிய அளவைக் காட்டும் எண் அசையவில்லை. கதவில் இருந்த அறிவிப்பைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் செயலாளர் வந்து தானே பத்துப் பக்கம் திறந்து பார்த்தார். எண்ணையும் பார்த்தார். "கேக்காம செஞ்சது தப்பு" என்றார்.

"தப்புதான் மாமா. இனியும் செய்வேன்."

முதல் ஞாயிறு வந்தது. அக்கா வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. மனசு கேட்காமல் மீன் சந்தைக்கே போனேன். ஓலைக் கடவத்தில் மீதம் கிடந்த மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அக்கா வரல? எம்மேல கோவமா?"

"உம்மேல எனக்கு என்ன கோவம் மக்கா? பாக்கப் பாக்கத் தேயுதுன்னு சொன்னாவ. நான் பாத்துப் பாத்து பிள்ளைக்க பேரு அழிஞ்சி போச்சின்னா? அது அங்க கிடக்கட்டும்னு வரல்ல."

கடவத்தைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு அப்போதே வரச் சொன்னேன். அழுக்குச் சேலையோடு எப்படி வர என்றார். விடவில்லை.

வருடத்தைத் திறந்தேன். பக்கத்தைத் திறந்தேன்.

"இனி தேயாதுல்லா?"

"தேயாது அக்கா. எவ்வளவு நேரம் பாத்தாலும் தேயாது."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ அடைக்காண்டாம் மக்கா" என்றார்.