சர்தீனியாக்காரி

என் வீட்டுக்காரர் குகனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. தங்கமான மனுசன் என்று அவர் வேலை பார்க்கும் முதலிபாளையம் பனியன் கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்களா குடித்தனம் நடத்துகிறார்கள்? அவருக்கு இருப்பது கத்திப் பைத்தியம். விவசாயியும் மீன்காரனும் ஆட்டுக்காரனும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிகிற மடக்குக் கத்திகள், நாட்டுக்கு ஒன்றாக.

ஆர்டர் பேச வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் மற்றவர்கள் சென்ட் பாட்டில் கேட்பார்கள், சாக்லேட் கேட்பார்கள். இவர் அவர்கள் ஊர்த் தோட்டத்துக்காரர் வைத்திருக்கும் கத்தியைக் கேட்பார். அப்படி வந்தவைதான் எல்லாம். கழுத்தில் வளையத்தைத் திருகிப் பூட்டும் பிரெஞ்சுக் கத்தி, பித்தளைத் தகட்டை மடித்துப் பிடியாக்கிய ஜப்பான் கத்தி, ஆட்டுக் குளம்பு சீவும் இங்கிலாந்துக் கத்தி. கடைசியாக வந்தவள் சர்தீனியாக்காரி. இத்தாலிப் பக்கம் அது ஒரு தீவாம். செம்மறிக் கொம்பில் பிடி, மெலிந்த இலை மாதிரி உடம்பு. வந்த நாளிலிருந்தே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

பொறாமைதான். இரும்பைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். பனியன் வேஸ்ட் துணியை மடியில் விரித்து, தையல் மிஷின் ஆயிலைச் சொட்டு விட்டு, ஒவ்வொருத்தியையும் திறந்து துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். காதர்பேட்டைக் கடையில் வாரமெல்லாம் நின்று கால் வீங்கி வருகிறேன் நான். என்றைக்காவது ஒரு சொட்டுத் தைலம் தேய்த்துவிட்டிருப்பாரா? வயிறு எரியாதா?

இதில் சாஸ்திரம் வேறு. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம். மேசையில் வைக்க வேண்டும், அடுத்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பார்க்க வரும் சிநேகிதர்களுக்கும் இதே சட்டம்தான். கல்யாணமான நாளிலிருந்து நானும் அப்படித்தான் செய்துவருகிறேன்.

"இதெல்லாம் அலங்காரக் கத்தி இல்லீங்க, வேலை செய்யற கத்திங்க" என்று வரும் சிநேகிதர்களிடம் பெருமையடிப்பார். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த வீட்டில் வேலை செய்வது நான் ஒருத்திதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளத்திலிருந்து என் தம்பி மாங்காய் கொடுத்தனுப்பியிருந்தான். அடுப்படிக் கத்தி பிடி கழன்று கிடந்தது.

"ஏனுங்க, உங்க கத்தியில ஒண்ண இப்படி வையுங்க. மாங்கா அரியோணும்."

"அட கெரகமே! புளிப்புப் பட்டாக் கறுத்துப்போயிரும் கிருத்திகா. பல்லுல கடிச்சுத் தின்னாப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

பல்லில் கடிக்கணுமாமே! வந்த ஆத்திரத்தில் சர்தீனியாக்காரியையே எடுத்தேன். மாங்காயில் நன்றாகத்தான் இறங்கினாள். கொட்டை தட்டியது, முனையை வைத்து அழுத்தினேன். திறந்தால் மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டே அவளுக்குக் கிடையாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? சடக்கென்று மடங்கி என் சுட்டுவிரலில் இறங்கிவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் இடுப்பில் துண்டும் தலையில் சோப்புமாக ஓடி வந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு வலி தெரியவில்லை. மேசைமேல் கத்தி, பக்கத்தில் ரத்தம் சொட்டும் என் கை. எதை முதலில் எடுக்கிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கத்தியை எடுத்தார்.

"ரத்தம் பட்டா ஒடனே துரு ஏறிரும்" என்று முணுமுணுத்தபடி துணியால் துடைத்தார். ஒரு சொட்டு ஆயில் விட்டார். மடக்கினார். பதனமாக மேசையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"எங்க, கையக் காட்டு புள்ள. ஆழமாப் பட்டிருச்சா?"

ரத்தக் கையாலேயே கத்தியை எடுத்து அவருக்கு நேராக நீட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கையில குடுக்காத கிருத்திகா. மேசையில வை."

"இல்லீங்க" என்றேன். அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, அதில் கத்தியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினேன். "கையிலயே வாங்கிக்கங்க."