செல்லியம்மாள் வீட்டு வால்வு செட்

நெல்லிவாசல்நாட்டில் செல்லியம்மாளைப் போல வாயாடியும் இல்லை, அவள் புருஷன் கண்ணாயிரத்தைப் போல வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவனும் இல்லை. ஏர் மாட்டோடு பேசுவதில் கால்பங்குகூட அவன் மனைவியோடு பேசமாட்டான். அப்பேர்ப்பட்டவனைப் பேச வைத்தது ஒரு பாட்டுப் பெட்டி.

ஊருக்குக் கரண்டு வந்த மறுவருஷம், புளி விற்ற கையோடு அவள் அமீனுல்லா பாயிடம் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினாள். பாய்க்கு வாணியம்பாடியில் ரேடியோ கடை. புளிக் காலத்தில் ஜீப்பில் மலையேறி வருவார். ரெக்கார்டு பிளேயரையும் ஸ்பீக்கரையும், ஒரு நாகஸ்வர பிளேட்டையும் சேர்த்தே கொடுத்தார்.

"உள்ள இருக்கற வால்வு சூடேறணும்மா. அதுக்கு மின்னாடி முள்ள வச்சா சத்தம் வராது" என்றார். செல்லியம்மாள் அதைச் சாமி வாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் வால்வுகள் மெல்லச் சிவக்கும். கண்ணாயிரம் பெட்டியின் மூடிமேல் கையை வைத்துக் குளிர் காய்வான். எவ்வளவு நேரம்தான் சும்மா உட்காருவது? கொல்லையில் பன்றி புகுந்ததையும், பங்காளி முறைத்துக்கொண்டதையும் ஒவ்வொன்றாகச் சொல்வான். பாட்டு தொடங்கியதும் வாய் மூடிவிடும். பாட்டைவிட அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு உசத்தி. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

பிறகு ஊரில் மாவு மில்லும் மோட்டாரும் பெருகின. சாயங்காலமானால் கரண்டு இளைத்துப் போகும், நாகஸ்வரம் முனகும். மாசியில் வந்த பாய் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த வால்வெல்லாம் இனிமே கெடைக்கறது கஷ்டம். இத குடுத்துட்டு டிரான்சிஸ்டர் செட்டு எடுத்துக்குங்க."

"ஏர்ல கட்டிப் பாக்காம மாட்ட மாத்துவாங்களா பாய்?"

அது மலை வழக்கம் என்று பாய்க்கும் தெரியும். பழையதை ஓரமாக வைத்து, பார்க்கச் சொல்லிப் புது செட்டை மாட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டார்.

சில நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது செல்லியம்மாள் பிடித்துக்கொண்டாள். "இன்னா பாய், கெட்டுப்போனத தலையில கட்டிட்டீங்க? தெனமும் காத்துக் கெடக்கறோம், சூடே ஏறல."

பாய் சிரித்துக்கொண்டே முள்ளை வைத்தார். உடனே நாகஸ்வரம் பாடியது. "இது சூடேறாதும்மா. போட்ட ஒடனே பாடும்."

அப்படியானால் இனிக் காத்திருக்கவே வேண்டாமா என்று அவள் கண்ணாயிரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரே பிளேட்டை, ஒரே ஸ்பீக்கரில், மாற்றி மாற்றிப் போட்டார்கள். பழையதில் நாகஸ்வரம் வீடு நிறைய நின்றது. ஆனால் தவில் மழுங்கல், அடியில் ஓயாத ரீங்காரம். புதியதில் தவிலின் ஒவ்வொரு அடியும் உதிரிச் சாமைச்சோறு மாதிரி தனித்தனியாக விழுந்தது. பிளேட்டின் கீறல்கூடக் கடுகாய்ப் பொரிந்தது. கரண்டு இளைத்தாலும் அது அசரவில்லை. நியாயத்தைச் சொன்னால் புதியதுதான் இந்த ஊருக்கு லாயக்கு.

"புச்சே இருக்கட்டும்" என்றான் கண்ணாயிரம்.

வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இருந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. வால்வு செட் ஜீப்பில் ஏறிப் போயிற்று. அவளுக்கு அழுகையாக வந்தது.

சாயங்காலம் சுவிட்சைப் போட்டாள். சின்ன விளக்கு எரிந்தது. முள்ளைத் தூக்கப் போன கையைக் கண்ணாயிரம் பிடித்தான்.

"இரு. இன்னா அவசரம்?"

சில்லென்றிருந்த மூடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான்.

"சுனைப் பக்கம் இன்னிக்கி கரடித் தடம் கெடந்துச்சி செல்லி" என்று ஆரம்பித்தான். அவள் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.