‘மெத்தெரே’க்கு முன்னால் ஒரு எஸ்

பலெர்மோவில் ஒரு நோயாளியை நான் முதன்முதலாகத் தனியே பொறுப்பெடுத்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். சீசா என்ற பகுதியில் மூன்றாம் மாடி வீடு. சிஞோரா என்று நான் அழைத்த வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது வயது, இதயம் பலவீனம். மகள் கார்லா பக்கத்து ஊரான பகேரியாவில் ஆசிரியை. காலை ரயிலில் போனால் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் திரும்புவார். நாடி பார்ப்பதும், காலையும் மதியமும் ‘கோச்சே’ என்ற துளி மருந்தைத் தண்ணீரில் விட்டுக் கொடுப்பதும் என் வேலை.

அந்தத் திங்கட்கிழமை நான் போனபோது கார்லா புறப்பட்டுவிட்டார். பிரிட்ஜ் கதவில் அவசரமாக எழுதிய ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. முதலில் ஒரு எஸ், சற்றுத் தள்ளி ‘மெத்தெரே லே கோச்சே’. மெத்தெரே என்றால் போடுவது, வைப்பது. மேசையில் தட்டு வைக்க, கறிக்கு உப்புப் போடத் தினமும் கேட்கிற சொல். எஸ் என்பது சிஞோராவின் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டேன். வழக்கம்போலப் பதினைந்து துளி கொடுத்தேன்.

பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து கார்லா போன் எடுத்தார். லைன் இரைந்தது.

“கோச்சே, ஸ்மெஸ்ஸோ?”

“ஸி, மெஸ்ஸோ,” என்றேன். ஆம், போட்டுவிட்டேன் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. அவர் திருப்தியோடு வைத்துவிட்டார்.

பதினொன்றரைக்கு சிஞோரா வாந்தி எடுத்தார். சுவர் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். அது வெள்ளைச் சுவர். நாடியை எண்ணினேன், நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன், நாற்பத்தொன்று. மதிய மருந்துக்கு நேரம் நெருங்கியது. குப்பியைச் சரித்து நாலு துளி விட்டதும் கை நின்றுவிட்டது. துண்டை எடுத்து மறுபடி பார்த்தேன்.

ஞாயிறுகளில் அல்பெர்கேரியாவில் ஒரு பங்கு மண்டபத்துக்கு இத்தாலியன் படிக்கப் போவேன். அங்கே பாடம் எடுத்த சிஸ்டர் வினைச்சொற்களை அசை அசையாகக் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்வார். எஸ்ஸுக்குப் பின்னால் மெய்யெழுத்து வந்தால் நடுவில் கோடு போடக் கூடாது, இரண்டும் ஒரே அசை என்பார். எஸ் முன்னால் ஒட்டினால் சில வினைகளுக்குப் பொருள் தலைகீழாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார். காரிகாரே ஏற்றுவது, ஸ்காரிகாரே இறக்குவது. துண்டில் இருந்த எஸ் சின்ன எழுத்து, சுருக்கத்துக்கு வைக்கும் புள்ளியும் பக்கத்தில் இல்லை. பென்சிலால் பிரித்துப் பார்த்தேன்: ஸ்மெத்-தெ-ரே. குப்பியை மூடிவிட்டு, விட்டிருந்த நாலு துளியையும் தொட்டியில் கொட்டினேன்.

கீழே படி கழுவிக்கொண்டிருந்த மன்னார் அந்தோனி அண்ணையிடம் ஓடினேன். அவர் எட்டு வருடமாக அங்கே இருப்பவர். துண்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நிறுத்து என்று அர்த்தம் என்றார். போனில் கார்லா கேட்ட ‘ஸ்மெஸ்ஸோ’வும் நிறுத்தியாயிற்றா என்பதுதான்; என் ‘ஸி, மெஸ்ஸோ’ அவர் காதில் ‘ஸ்மெஸ்ஸோ’ என்றே விழுந்திருக்கும். பிறகு அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, நிப்பாட்டினனான் எண்டே சொல்லுங்கோ. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க அந்த மகளின்ரை கடிதம் வேணுமெல்லோ.”

அடுத்த மாதம் என் வதிவிட அனுமதி முடிகிறது. அவர் எனக்காகப் பயந்துதான் சொன்னார்.

“டொக்டருக்குத் தெரியாட்டி அவ செத்துப்போவா அண்ணை,” என்றேன்.

மேலே ஏறி, சுவரில் எழுதியிருந்த டொக்டரின் எண்ணுக்குப் போன் எடுத்தேன்.

“ஸ்மெஸ்ஸோ இல்லை, தொத்தோரே. மெஸ்ஸோ. எட்டு மணிக்கு, பதினைந்து துளி.”

அவர் திட்டவில்லை. நாடி எவ்வளவு என்று மட்டும் கேட்டார். அம்புலன்ஸ் வரும்வரை சிஞோராவின் கையைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அந்த மருந்து உடம்பில் ஏற்கனவே தேங்கியிருந்ததாம், அதனால்தான் நிறுத்தச் சொன்னார்களாம். மதியத் துளியும் போயிருந்தால் தாங்கியிருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாலு நாளில் வீடு திரும்பினார். கார்லாவிடம் துண்டையும் போனில் சொன்ன பதிலையும் மறைக்காமல் சொன்னேன். இரண்டு மாதம் அவர் மருந்துக் குப்பியை என்னிடம் தரவில்லை. ஆனால் அனுமதிக்கான கடிதத்தைக் கேட்காமலே எழுதித் தந்தார்.

பிறகு இருபது வருடம் இதே வேலை செய்தேன். விளங்காவிட்டால் கேளுங்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்வார்கள். அது போதாது. அன்று போனில் எனக்கு எல்லாம் விளங்கியதாகத்தான் இருந்தது. அதனால், என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். அதன் பிறகு ‘ஸி’ சொல்லுங்கள்.